கிருஷ்ணாபுரம் தாண்டியும் கேட்கவில்லை

கிருஷ்ணாபுரம் தாண்டியும் அனுராதா கேட்கவில்லை.

மகேஸ்வரன் வண்டியின் வேகத்தைக் குறைத்து ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். வழக்கமாகப் பாளையங்கோட்டையை விட்டு வெளியே வருவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். "அத்தான், நான் கேஸ மூடுனேனா?"

மூடினாய் என்று சத்தியம் செய்தாலும் போதாது. போன தடவை திருச்செந்தூருக்குக் கிளம்பி, இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு முறையும் கேஸ் மூடித்தான் இருந்தது.

இன்று செய்துங்கநல்லூரும் வந்துவிட்டது. அவள் ஜன்னல் வழியே வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளோ என்னவோ, முகம் அந்தப் பக்கம் இருந்தது.

முருகன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டான். அவளுக்குச் சரியானால் இருவரும் வந்து அர்ச்சனை செய்கிறோம் என்பது அவனுடைய வேண்டுதல். இந்தப் பயணமே அதற்குத்தான்.

அவன் அப்பா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷமாகிறது. அனுராதா பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, மாமனாரைத் துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைப்பாள்.

முதல் வருஷம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். லீவு விட்டதும் தங்கை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் பழைய அனுராதா ஆகிவிடுவாள்.

அப்புறம் லீவு விட்டும் சரியாகவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்றாள். ஒன்றுமே நடக்காதபோதும் ஏதோ நடக்கப்போகிறது என்றாள். தூக்கத்தில் எழுந்துபோய் மாமா மூச்சு விடுகிறாரா என்று பார்த்தாள்.

மகேஸ்வரன் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருந்தான். டென்ஷன்.

கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. திட்டுவதில்லை, அழுவதில்லை. எது சொன்னாலும் சரி என்கிறாள். திருத்த வேண்டிய பரீட்சைத்தாள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது, பதறுவதில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடச் சண்டைக்கு வருவதில்லை.

வேறென்ன வேண்டும்? படபடப்புக்குக் காட்டிய டாக்டர் மறுபடி வரச் சொன்னதைக்கூட, இனி எதற்கு என்று அவனே தள்ளிப்போட்டுவிட்டான்.

கருங்குளம் வந்தபோது, அவள் கேட்காத கேள்வி அவன் வாயிலேயே வந்து நின்றது. பழக்கதோஷம் என்று தன்னையே கேலி செய்துகொண்டு, விளையாட்டாகக் கேட்டான்.

"என்ன டீச்சர், இன்னைக்குக் கேஸ மூடியாச்சா?"

"இல்ல."

முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போயிற்று.

வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். எழுந்து உட்காரவும் முடியாது, கூப்பிட்டுச் சத்தம் போடவும் முடியாது. அவரைப் பார்த்துக்கொள்ளும் சாரம்மாளிடம் ஒரு சாவி உண்டு. ஆனால் அவள் இந்நேரம் வந்திருப்பாளா?

அவசரத்தில் சாரம்மாளின் நம்பர் தப்பித் தப்பிப் போயிற்று. ஒருவழியாக மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோனது. அவன் மறுபடி அழுத்தினான்.

"இப்பதான் அண்ணாச்சி கதவத் தொறந்தேன், அடுக்களை பூரா பொகை. பால் சட்டி கரிஞ்சி கெடக்கு. அடுப்ப அணைச்சிட்டேன். பெரியவரு இருமுதாரு, வேற ஒண்ணும் இல்ல."

போனை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"மறந்துட்டேன்னு அப்பமே சொல்லக் கூடாதா?"

"மறக்கல அத்தான்."

இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். கண்ணில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. மகேஸ்வரனுக்குத்தான் பயமாக இருந்தது.

"செருப்பு போடும்போதே பாத்தேன். எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு. திரும்பி உள்ள போவ முடியல. ஒங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லவும் முடியல."