ஏரிக்கரையின் இளைய நீதிபதி

ஓர் ஏரிக்கரையில் இரண்டு எருமைகள் நீதிபதிகளாக இருந்தன. இரண்டும் ஒரே தாய்க்கு ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று காலையில் பிறந்தது, மற்றது மதியம்.

அவை சபைக்கு வரும்போது ஆள்காட்டிக் குருவி முன்னால் பறந்து அறிவிக்கும். "முன்னவர் வருகிறார்! பின்னவர் வருகிறார்!" யார் முதலில் பிறந்தவர் என்பதைத் தவிர அந்தக் கூவலில் வேறொன்றும் இல்லை.

ஆனால் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், பின்னவர் என்றால் பலவீனமானவர் என்று நினைத்துக்கொண்டார்கள். மாடுகளின் மேய்ச்சல் தகராறு முன்னவரிடம் போகும். தவளைச் சண்டையெல்லாம் பின்னவர் தலையில் விழும். "பாவம், அவரால் இவ்வளவுதான் முடியும்" என்று குருவி எல்லோரிடமும் சொல்லும். அது உண்மைதானோ என்று பின்னவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

ஒரு மழைக்காலத்தில் முன்னவர் ஏரிச் சேற்றில் கழுத்துவரை புதைந்துவிட்டார். குருவி பதறிப் பறந்தது. "யாராவது பலசாலி இருந்தால் ஓடி வாருங்கள்!"

கரையில் நின்ற பின்னவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் இழுத்துப் பார்க்கட்டுமா?"

"உங்களுக்கு எதற்குங்க வீண் சிரமம்?" என்றது குருவி.

"டேய் தம்பி, குருவியோடு என்னடா பேச்சு? கொம்பைக் கொடு!" என்று சேற்றிலிருந்து முன்னவர் கத்தினார்.

பின்னவர் கொம்போடு கொம்பு கோத்து, ஒரே இழுப்பில் அண்ணனைக் கரையேற்றினார்.

மறுநாள் சபை கூடியது. குருவி கம்பீரமாகக் கூவியது. "முன்னவர் வருகிறார்! சேற்றையே வென்றவர் வருகிறார்!"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "பின்னவரும் வருகிறார். பாவம், நேற்று பாரம் இழுத்துக் களைத்துப்போயிருக்கிறார். யாரும் இடித்துவிடாதீர்கள்."