போன மாசத்து டேப்

ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் ஒருநாள் காலையில் அது படுத்துவிட்டது. மறுநாளைக்கான ஷிஃப்ட் பட்டியல் ஒட்டியாக வேண்டும்.

"போன வாரம் காப்பி எடுத்து வெச்ச டேப்பைப் போடும்மா ரூத்," என்றார் மேனேஜர் கோதண்டம்.

"அது ஓடல சார். போன மாசத்து டேப்புதான் நல்லா கீது."

"அப்போ ஒரு மாசத்து வேலை போச்சா! யாரு உட்கார்ந்து திரும்ப அடிக்கிறது?"

"நானே அடிச்சுக் குடுத்துடறேன் சார்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டினார். பழைய டேப் சுழன்று முடிந்ததும் பட்டியல் அச்சாகி வந்தது. ரூத் அதில் ஒரு வரியை விரலால் மெல்லத் தடவினாள். பிறகு டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போய்விட்டாள்.

கோதண்டம் குனிந்து அந்த வரியைப் படித்தார்.

'ஆபிரகாம், காலை ஷிஃப்ட்.'

ரூத்தின் புருஷன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரகடம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனவன். வேலைக்குத் திரும்பிய அன்றே அவன் பேரைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்ததும் அவள்தான்.

கோதண்டம் போன வாரத்து டேப்பை எடுத்து மாட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ரூத் திரும்பி வருவதற்குள் அதைக் கழற்றி, தம் கையாலேயே மேலே 'பழுது' என்று எழுதி, அலமாரிக்குள் வைத்தார்.