வீக்கம்

“ஆமா, நாந்தான் கீழ போட்டுட்டேன்” என்றாள் ராக்காயி, யார் முகத்தையும் பார்க்காமல்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்ற பெண்கள் தத்தம் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கைக்குழந்தைகளை இந்த ஆயாவிடம் விட்டுவிட்டுத்தானே எல்லாரும் கொழுந்தெடுக்க மலையேறுகிறார்கள்!

நிஷாந்தியின் குழந்தை தலையில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். “புள்ளைய எங்க கீழ போட்ட, சொல்லு” என்று முதல்நாள் முழுக்க நிஷாந்தியைக் குடைந்த புருஷன் நிரோஷன், இப்போது ராக்காயியைத் திட்டித் தீர்த்தான்.

அன்றைக்கே ராக்காயியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

லிந்துலை ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் நிஷாந்திக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் பொங்கியது. அவளும் அதே காம்பராவில் வளர்ந்தவள். அழும்போதெல்லாம் ராக்காயி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சன்னல் வழியே மலையைக் காட்டுவாள்.

“அந்தா, செவப்பு முக்காடு தெரியுதா? அதான் ஒங்கம்மா.”

மலை முழுக்கச் சிவப்பு முக்காடுதான். இருந்தாலும் ஏதோ ஒன்றைப் பார்த்துக் கைதட்டி அழுகையை நிறுத்திவிடுவாள் நிஷாந்தி. ராக்காயியின் சேலையில் எப்போதும் பால்மா வாசம்.

அந்த இடுப்பிலிருந்தா தன் பிள்ளை நழுவியது?

கண்டியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஊர்மிளா குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்தார். வீக்கம் அடங்கியது. படுக்கவைத்தார். மறுபடி எழும்பியது. குழந்தை வீறிட்டு அழ, வீக்கம் நீலம் பாரித்துப் புடைத்தது. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பிள்ளை விழேல்லையம்மா. இது பிறப்பிலேயே உள்ளது, இப்பதான் கண்ணில பட்டிருக்கு. மண்டையோட்டுக்கு உள்ளயும் வெளியிலயும் இருக்கிற ரத்தக்குழாய்களுக்கு நடுவில ஒரு தொடுப்பு. அபூர்வம்தான், ஆனா கெட்ட கட்டி இல்லை. அடிபடாமப் பாத்துக்கொள்ளுங்கோ. இடைக்கிடை கொண்டுவந்து காட்டுங்கோ.”

தோட்டத்துக்குத் திரும்பியதும் நிஷாந்தி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே ராக்காயியின் லயத்து அறைக்கு ஓடினாள்.

“பெரியம்மா, புள்ள விழவே இல்லையாம்! செய்யாதத ஏன் செஞ்சேன்னு சொன்னீங்க?”

ராக்காயி குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“எல்லாரும் புள்ள தலையத்தான் பாத்தாங்க. அன்னைக்குக் காலையில ஒங் கன்னம் வீங்கியிருந்தத நான் பாத்தேன். பழி எம்மேல வந்துட்டா, அப்புறம் அவன் ஒன்னைய அடிக்க மாட்டான்ல?”