பச்சை வட்டம்

தகடு கிடைத்துவிட்டது. அக்கா அதை விளக்கொளியில் தூக்கிப் பிடித்தாள்.

காலையில் வானாய்வகத்தின் இயக்குநரே, வானத்தைப் படம்பிடித்த பழைய தகடுகள் இருக்கும் அறைக்கு வந்திருந்தார். புதிய தொலைநோக்கியில் வெகு தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்று சிக்கியிருக்கிறதாம். நடுவில் ஒரு பட்டை, அதன் இரண்டு முனையிலிருந்தும் சுருண்டு போகும் கைகள். "பழைய கண்ணாடித் தகட்டுல யாராவது இதைக் குறிச்சு வச்சிருந்தா, கண்டுபிடிச்ச பேரு அவங்களுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேடவே வேண்டாம். எந்த அலமாரி, எந்த அடுக்கு என்று அவளுக்கு மனப்பாடம்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இதே அறையில் அவளோடு வேலை பார்த்த கூடப்பிறந்த தம்பி போட்ட வட்டம். பச்சை மை. உள்ளே பாதி மிளகு அளவுக்கு ஒரு மங்கல் திட்டு.

வட்டத்தின் மேலேயே நீல மையில், கோணல்மாணலாக, அழுத்தி எழுதியிருந்தது: தூசி.

தூசி இல்லை என்று அவன் கத்தினான். மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றான். வேலை போயிற்று, 'தூசி' என்ற பட்டப்பெயர்தான் மிஞ்சியது. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கிறான்.

அக்கா அவனைக் கைவிட்டதில்லை. மாதம் தவறாமல் போய்ப் பார்ப்பாள், அந்தச் சொல்லை எழுதினவனை அவனோடு உட்கார்ந்து வாய் வலிக்கத் திட்டுவாள்.

தகட்டை வெளியே கொண்டுபோனால் முதல் கேள்வியே, இதை எழுதியது யார் என்பதுதான்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். சொல்லை மட்டும் எடுக்க வழியில்லை, பச்சையும் நீலமும் பின்னிக் கிடந்தன. பாவம், தம்பிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள்.

அடுத்த நொடி துடைத்துவிட்டாள்.

அலைபேசி அடித்தது. "அக்கா, செய்தி பார்த்தேன்! என் வட்டம் இருக்குல்ல?"

"இல்லடா. எவனோ சுத்தமா துடைச்சுட்டான்."

அவன் அழுதுகொண்டே வழக்கமான சாபத்தைச் சொன்னான். "தூசின்னு எழுதினான் பாரு, அவன் கை விளங்காது."

"விளங்கவே விளங்காதுடா" என்றாள் அக்கா, வழக்கம்போல.

தம்பி வட்டம் போட்ட அந்த வருடம் தலைமைப் பரிசோதகர் பதவி ஒன்றுதான் காலியாக இருந்தது. கேட்டிருந்தது இரண்டே பேர், அக்காவும் தம்பியும்.

அவள் கையெழுத்து தம்பிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு இடது கையால் எழுதினாள்.