ஒன்பது பேர் வகுப்பு

"இந்த வகுப்பை மூட விடமாட்டேன். ஆனதைப் பாத்துக்கங்க!"

டீன் பிரூட் கடித்த டோனட்டை அப்படியே தட்டில் வைத்தார். எதிரே பனிக்கோட்டும் முதுகுப்பையுமாக ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க நின்றாள். டயர் தொழிற்சாலையை மூடியதிலிருந்து ஓஹியோவின் இந்தச் சமுதாயக் கல்லூரிக்கு எல்லா வயதிலும் ஆட்கள் படிக்க வருகிறார்கள். படிக்கிறார்களோ இல்லையோ, சண்டைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்கள்.

"உட்காருங்கம்மா. எந்த வகுப்பு?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டேட்டாபேஸ்."

"அதுல ஒன்பது பேர்தானே சேர்ந்திருக்கீங்க? பத்துப் பேராவது வேணும். இல்லேன்னா ரத்து. ரூல்ஸ்."

"அந்த ஒன்பது பேருக்கும் இதுதான் சார் கடைசிப் பாடம். முடிச்சா மே மாசம் கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்ல பட்டம். அதுல டுவைட்னு ஒருத்தனுக்கு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவுல வேலை தயாரா இருக்கு. பட்டம் இல்லேன்னா கைவிட்டுப் போயிடும்."

"அடுத்த வருஷம் படிக்கட்டும்."

"அதுவரைக்கும் அவன் புள்ளைங்க காத்தைக் குடிச்சுக்கிட்டு இருக்கட்டுமா?"

பிரூட்டுக்கு முகம் சிவந்தது. டீன் ஆன நாளிலிருந்து அவரிடம் யாரும் இப்படி எகிறியதில்லை.

"இங்க பாருங்க, கத்தினா ரூல்ஸ் மாறாது."

"மாறுற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல!"

சொன்னபடியே நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

இவளை எப்படிக் கிளப்புவது? பிரூட் கணினித் திரையில் கால அட்டவணையையும் அதிலிருந்த ஆசிரியர் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பாடம் நடத்துற வாத்தியாரே சரின்னுட்டார். நடுவுல உங்களுக்கு என்னம்மா வந்துச்சு?"

அவள் நிமிர்ந்தாள். "யாரு சரின்னது?"

"கெல்லர். நேத்து இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். 'ஒன்பது பேருக்காக மெனக்கெட வேணாம், மூடிடுங்க'ன்னு அவரே சொன்னார். தங்கமான மனுஷன்!"

அவள் விருட்டென்று எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்தாள். வெளியே தாழ்வாரத்தில் அந்த ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள்.

"டுவைட், உள்ள வா. எல்லாரும் வாங்க. சார், இப்ப சொன்னதை இவங்க முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்க."

பிரூட் தொண்டையைச் செருமிக்கொண்டார். மாணவர்கள் முன்னால் தணிந்துபோனால் மரியாதை என்னாவது?

"சொல்றேன், எனக்கென்ன பயம்? வகுப்பை மூடச் சொன்னதே உங்க கெல்லர்தான்!"

ஒன்பது பேரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். டுவைட் திகைத்துப்போய்க் கேட்டான்:

"நிஜமாவா அப்படிச் சொன்னீங்க, கெல்லர் மேடம்?"