பச்சை எரிய வேண்டும்

கல்லூரி நூலகத்தில் தினமும் எல்லோரும் இன்பமாக வாசித்தாக வேண்டும். மணிக்கட்டுப் பட்டை பச்சையாக எரிந்தால்தான் வருகைப்பதிவு. நஸ்ரின் படித்த கதையில் மூன்று பிள்ளைகளைத் தவிக்கவிட்டு ஒரு தாய் செத்துப்போனாள். நஸ்ரினுக்குக் கண்ணீர் முட்டியது. பட்டை சிவந்தது.

நூலகர் புஷ்பவல்லி பாய்ந்துவந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். "அழறதுக்கா நூலகம் வச்சிருக்கோம்?"

"எனக்குப் பிடிச்சிருக்கு மேடம். அந்தப் புள்ளைங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்."

"பிடிச்சதா இல்லையான்னு பட்டைக்குத் தெரியும்."

புத்தகம் கிழிக்கும் மெஷினுக்குள் போனது. நஸ்ரின் மடியில் ஒரு சிரிப்புத் துணுக்குப் புத்தகம் வந்து விழுந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு, புஷ்பவல்லியை அதே மெஷினில் தலைகீழாகத் திணிப்பதாக நினைத்துப்பார்த்தாள். பட்டை பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

"பாத்தியா, இப்பதான் ரசிச்சுப் படிக்கிற!" என்று புஷ்பவல்லி அவள் தலையைத் தடவினாள்.