கோமதி டீச்சர் சொன்னது

இணையச் செயலி ஒன்றில் இயற்பியல் நடத்தும் கோமதி, அன்றுதான் முதன்முறையாகப் பாடத்துக்கு நடுவே அரசியல் பேசினாள். சூரிய மின்சாரம் நமக்குத் தேவைதான்; ஆனால் விளைநிலத்தைத் தலைமுறைக் கணக்கில் எழுதி வாங்கும் அரசின் புதிய குத்தகையில் எவரும் கையெழுத்திட வேண்டாம் என்றாள்.

வசைகளை எதிர்பார்த்தவளுக்கு எல்லாக் கட்சிக்காரர்களிடமிருந்தும் பாராட்டே வந்தது. அது அவளை நிலைகொள்ளவிடவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

அதே செயலியின் வழியாகக் கயத்தாற்றிலிருந்து அவளுடைய அண்ணன் சுடலைமுத்து அழைத்தார்.

"ஏட்டி, நீயே குத்தகைக்குக் கொடுக்கலாம்னு சொல்லிட்டியே! அதிகாரி பத்திரத்தோட வந்து உக்காந்திருக்காரு. அவரும் கேக்கட்டும்."

அண்ணன் அந்தப் பாடத்தை ஓடவிட்டார். அவள் முகமே, அவள் குரலே, நிலத்தைத் தயங்காமல் கொடுங்கள் என்றது. அந்தந்த வீட்டின் கட்சிக்கு இனிப்பதையே செயலி அவள் வாயால் சொல்லவைத்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஐயோ, போடாதிய அண்ணே! நான் அப்படிச் சொல்லவே இல்ல! பேனாவக் கீழ வைங்க!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

திரையில் அண்ணன் பூரித்துப்போனார்.

"கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கா சிரிப்ப? இந்தா, நீ ஆசப்பட்ட மாதிரியே போட்டுட்டேன், பாரு."